அண்ணா நகர் பணக்காரர்களுக்கான ஏரியாவா? நடுத்தரக் குடும்பம் அங்கே குடியேறலாமா?

மதுரையிலிருந்து மாற்றலாகி வருகிறேன், அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் கூட வருகிறார்கள், சென்னை அண்ணா நகர் கட்டுப்படியாகுமா, அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வளர்ந்து, இன்னும் இங்கேயே இருப்பவன். பதிலில் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணக்கார ஏரியா என்பது பாதி உண்மை. இரண்டாவது அவென்யூவில் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் வரிசை கட்டி நிற்கின்றன. உள்தெருவில் தனி வீட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் இது போட் கிளப் மாதிரி வெள்ளைக்காரன் காலத்திலேயே பங்களா முளைத்த இடமில்லை. இந்த ஊரை உண்டாக்கியது அரசாங்கம்.

அறுபதுகளில் இது நகரத்துக்கு வெளியே நடுவக்கரை என்ற கிராமமும் அதன் அக்கம்பக்கமும்தான். பேச்சில் நடுவாங்கரை என்போம். 1968 ஜனவரியில் மெரினாவில் தமிழறிஞர்களுக்குச் சிலை வைத்து இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு அமர்க்களப்பட்டதே, அதே மாதம் இங்கே உலக வணிகக் கண்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டியதுதான் டவர் பார்க்கில் நிற்கும் விசுவேசுவரய்யா கோபுரம், 135 அடி உயரம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, குடியரசுத் துணைத் தலைவர் வி.வி.கிரி திறந்துவைத்தார். கண்காட்சி முடிந்த பிறகு சுற்றுவட்டாரத்தை வீட்டு வசதி வாரியம் மனை மனையாகப் பிரித்து அண்ணா நகராக்கியது. பத்திரத்தைப் புரட்டினால் இன்றைக்கும் நடுவக்கரை கிராமம், பெரியகூடல் கிராமம் என்று பழைய பெயர்கள் வரும்.

வாரியம் செய்த நல்ல காரியம், எல்லோரையும் கலந்து போட்டது. எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. என்று குறைந்த, நடுத்தர, உயர்ந்த வருமானத்துக்கு ஏற்ற மூன்று வகை வீடும் பக்கத்துப் பக்கத்திலேயே வந்தன. நாங்கள் இருந்த இடத்தில் மாடிப்படிக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி ஊழியர், அந்தப் பக்கம் வங்கி குமாஸ்தா, காம்பவுண்டு சுவரைத் தாண்டினால் டாக்டர் பங்களா. மூன்று வீட்டுக்கும் ஒரே அண்ணாச்சி கடைதான், ஒரே பூங்காதான். அகலமான அவென்யூ, அதிலிருந்து மெயின் ரோடு, அதிலிருந்து தெரு, ஆங்காங்கே சின்னப் பூங்கா என்று முதலிலேயே கோடு போட்டுவிட்டார்கள். இப்போது அத்தனை பேர் ஆசைப்படும் நிழலும் அகலமும் அந்த வரைபடம் போட்ட பிச்சை. பணம் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நிழலும் முழுசாக இல்லை, 2016 டிசம்பர் வர்தா புயல் பெரிய மரங்கள் பலவற்றைச் சாய்த்துவிட்டது.

முகவரி கண்டுபிடிப்பதுதான் ஆரம்பத்தில் பாடாய்ப் படுத்தும். ஒய் பிளாக், இசட் பிளாக் வரை போய் எழுத்து தீர்ந்ததும் ஏ.ஏ., ஏ.பி., ஏ.சி. என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் பிளாக் பெயர் சொல்லாதீர்கள். ரவுண்டானா, ப்ளூ ஸ்டார், சிந்தாமணி, சாந்தி காலனி என்று சொன்னால் வண்டி நகரும்.

கோபுரத்துக்கு உங்கள் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். உள்ளே படிக்கட்டு கிடையாது, சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம்தான். முழங்கால் வலிக்காரர்கூட நின்று நின்று ஏறிவிடலாம். மேலே ஏற ஏறக் காற்று மாறும், கீழே குளமும் மரத்தலைகளும் தெரியும். தற்கொலைகள் நடந்ததால் 2011 முதல் மேலே விடாமல் பூட்டி வைத்திருந்தார்கள். கம்பி வலையெல்லாம் அடித்து 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். வலைக்குள் நின்று பார்ப்பது கொஞ்சம் கூண்டுக்குள் இருப்பது போலத்தான், ஆனாலும் திறந்ததே பெரிது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிற்கும் அண்ணா வளைவு இன்னொரு அடையாளம். அண்ணாவின் பவள விழா நினைவாக 1986இல் திறந்தது. மேம்பாலத்துக்காக 2012இல் இடிக்கத் தொடங்கி, பாதியில் மனம் மாறி, செப்பனிட்டு நிறுத்தினார்கள்.

அம்மாவுக்குக் கோயில் வேண்டுமென்றால் கொஞ்சம் வெளியே போக வேண்டும். பாடியில் இருக்கும் திருவலிதாயம் சம்பந்தர் பாடிய தலம். கோயம்பேட்டில் குறுங்காலீசுவரர். நம்ம ஏரியாவுக்கு வயது அறுபதுகூட ஆகவில்லை, அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் பல நூற்றாண்டு கண்ட கிழவர்கள்.

போக்குவரத்துக்குக் குறையில்லை. சென்னையில் முதல் சுரங்க மெட்ரோ ஓடியது 2017 மே மாதம், திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை. அதில் அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு இரண்டும் நம்முடையவை. மதுரை ரயிலுக்கு எழும்பூர் வரை அதிலேயே போகலாம். பஸ்ஸில் போகும் பழக்கம் என்றால் மட்டும் முன்பு இருந்த சௌகரியம் போய்விட்டது. கோயம்பேட்டில் ஏறிய தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்டன. இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடமும் திருமங்கலத்தைத் தொடுகிறது. அந்த வேலை முடியும் வரை அந்தச் சந்திப்பில் தடுப்பும் தூசியும்தான், அலுவலக நேரத்தில் அந்தப் பக்கம் தலைவைக்காதீர்கள்.

பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரத்தில் உண்டு. சாந்தி காலனியில் சுந்தரம் மெடிக்கல் பவுண்டேஷன் இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது வேறொரு கூட்டத்தைப் பற்றி. தமிழ்நாட்டில் ஐ.ஏ.எஸ்., குரூப் ஒன் கனவோடு இருக்கும் பிள்ளைகளில் நிறையப் பேர் வந்து சேருவது இங்கேதான். காலையில் ஏழு மணிக்கு உள்தெருக்களில் பாருங்கள், கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் கட்டு, தோளில் தண்ணீர் பாட்டில், டீக்கடை வாசலில் அரசியல் சாசன ஷரத்தைப் பற்றிச் சண்டை. இவர்களை நம்பித்தான் மெஸ்களும் ஹாஸ்டல்களும் நடக்கின்றன, இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் நியாயமான விலையில் சாப்பாடு கிடைப்பதும் இவர்கள் புண்ணியம்.

சரி, வீட்டுக்கு வருவோம். மழைக்காலத்தை மனதில் வைத்துப் பாருங்கள். ஓட்டேரி நல்லா கால்வாய் இந்த ஏரியா வழியாகத்தான் போகிறது, அதை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். புரோக்கரிடம் கேட்காதீர்கள், அந்தத் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். அட்வான்ஸ், தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது 2017 வாடகைச் சட்டம். நடப்பில் அதற்கு மேலேதான் கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம்.

பிற்பாடு வாங்கும் எண்ணம் வந்தால், வாரிய வீடாக இருந்தால் ஒதுக்கீட்டு ஆணையோடு நிற்கிறதா, வாரியம் விற்பனைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டுவது இப்போது ஜோராக நடக்கிறது, அப்போது பேரம் பேசுவதெல்லாம் அந்தப் பங்கை வைத்துத்தான்.

இப்போதைக்குப் புது அபார்ட்மென்ட் பக்கம் போகாமல் பழைய போர்டு பிளாட்களைப் பாருங்கள், வாடகை கணிசமாகக் குறையும். அவற்றில் பெரும்பாலும் லிப்ட் இருக்காது. அம்மாவை வைத்துக்கொண்டு மூன்றாம் மாடி வேண்டாம், தரைத்தளம் காலியாகும் வரை ஒரு மாதம் பொறுத்தாலும் பரவாயில்லை.