சுவர் ஓவியமும் சேமிப்புப் பணமும்

அன்புள்ள ஐயா,

வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கலைப்பொருளில் போடலாம் என்கிறார் என் மருமகன். சென்னையில் பெரிய சுவர்களில் வரைந்த இளம் ஓவியர் ஒருவரின் கேன்வாஸ் மூன்று லட்சத்துக்கு வருகிறதாம். வெளிநாடுகளில் தெரு ஓவியங்கள் கோடிகளுக்குப் போகின்றன, பத்து வருடம் வைத்திருந்தால் பல மடங்காகும் என்கிறார். எனக்கு ஓவியம் பிடிக்கும், அதன் விலைவாசி தெரியாது. எங்கள் வீட்டு மதிலில் இருப்பதெல்லாம் கட்சி விளம்பரம்தான். வாங்கலாமா?

கே., வேலூர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

பத்து வருடத்தில் பெருகும் என்ற கணக்கில் வாங்காதீர்கள். ஓய்வுக்காலப் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மருமகன் சொல்லும் கோடிகள் பொய்யல்ல. நியூயார்க் சுவர்களில் எழுதிக்கொண்டிருந்த பாஸ்கியா 1982-ல் வரைந்த ஓவியம் ஒன்று, 1984-ல் 19,000 டாலருக்கு விலைபோனது. 2017-ல் அதே ஓவியம் 11.05 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு கூட்டு வட்டி. எந்த வங்கி தரும்? ஆனால் அதே ஆண்டுகளில் அதே நகரத்தில் ஸ்ப்ரே டப்பாவுடன் அலைந்த மற்றவர்களின் படங்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கட்டுரை எழுதுவதில்லை. நமக்கு வந்து சேர்வது வென்றவரின் கதை மட்டும்தான். அந்த ஒருவரை முன்கூட்டியே கண்டுபிடிக்கத் தெரிந்தவர் மூன்று லட்சத்துக்கு உங்களிடம் அதை விற்கமாட்டார்.

முகம் காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பாங்சியின் கதை இன்னும் விசித்திரம். 2018 அக்டோபரில் லண்டன் ஏல அரங்கில் கட்டணம் சேர்த்துச் சுமார் 10.4 லட்சம் பவுண்டுக்கு விலைபோய்ச் சுத்தியல் விழுந்த மறுகணம், படச்சட்டத்துக்குள் ஒளித்துவைத்த இயந்திரம் அவருடைய படத்தின் பாதியைக் கிழித்தது. மூன்று ஆண்டு கழித்து அந்தக் கிழிந்த படம் சுமார் 1.86 கோடி பவுண்டுக்குப் போனது. உலகமே பார்த்த ஒரு நிகழ்ச்சிக்குக் கிடைத்த விலை அது. அதே பாங்சியின் அச்சுப் படங்கள் 2021-ஐ ஒட்டி உச்சம் தொட்டுப் பிறகு கணிசமாகச் சரிந்தன. உச்சத்தில் வாங்கியவர்களும் நீண்டகால முதலீடு என்று நினைத்துத்தான் வாங்கினார்கள்.

இவற்றில் ஒன்றுகூடத் தெருவில் இருந்ததில்லை என்பதைக் கவனியுங்கள். சந்தை விலை கொடுப்பது கேன்வாசுக்கும், எண்ணிட்ட அச்சுப் பிரதிக்கும், கூட வரும் சான்றிதழுக்கும். தெருவில் வரைந்தவற்றுக்குப் பாங்சியின் அலுவலகமே சான்று தருவதில்லை. வடக்கு லண்டனில் அவர் வரைந்த ஒரு சிறுவனின் படத்தை 2013-ல் சுவரோடு பெயர்த்து விற்கக் கொண்டுபோனபோது, அந்தப் பகுதி மக்கள் தங்கள் படத்தைத் திருப்பித் தரும்படி போராடினார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. நம் நாட்டிலும் விலை கேன்வாசுக்குத்தான், தெருவுக்கு அல்ல. எம். எஃப். உசேன் இளமையில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். 2025 மார்ச்சில் 1.37 கோடி டாலருக்கு மேல் விலைபோனது அவர் 1954-ல் வரைந்த ஓவியம். தெருவுக்காக வரைந்த பேனர்கள் மழையோடும் வெயிலோடும் போயின.

அடுத்தது, விற்பது. நம் ஊரில் ஒரு பவுன் நகையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் அரை மணியில் பணமாகிவிடும். மூன்று லட்சத்துக் கேன்வாசை எங்கே கொண்டுபோவீர்கள்? விற்ற காட்சியகமே திரும்ப வாங்கிக்கொள்ளுமா, என்ன விலைக்கு என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தயங்குவதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். ஏலத்துக்குப் போனால் கமிஷன் பிடிப்பார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால் 12.5 விழுக்காடு வரி உண்டு. ஓவியத்தைச் சொந்த உபயோகப் பொருள் என்று வருமான வரிச் சட்டம் விட்டுவிடுவதில்லை. அதற்கிடையில் வேலூர் வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் அதைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பதும் உங்கள் வேலை.

இன்னொன்றும் உண்டு. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் ஓவியத்தில் ஓவியருக்கும் பங்கு கேட்கும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53அ பிரிவு தருகிறது. அந்தப் பங்கு பத்து விழுக்காட்டுக்கு மேல் போகாது. லாபம் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த சட்டங்களில் இது ஒன்று.

அந்தப் படத்தைப் பார்த்தபோது உங்களுக்குள் ஏதாவது அசைந்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அசைந்திருந்தால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவு பணத்தில் அதே ஓவியரின் சிறிய படம் ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டுங்கள். அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மதில். நான் ஆற்காட்டில் வளர்ந்தவன். பள்ளி விட்டு வரும் வழியில் சுவரில் எழுதுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஓவியப் பள்ளி. நீலப்பொடி தோய்த்த நூலை இருவர் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டிவிட்டால் சுவரில் நேர்கோடு விழும். அளவுகோல் கிடையாது. ‘க’வின் வளைவை ஒரே இழுப்பில் முடிப்பார்கள். மூலையில் சின்னதாகத் தங்கள் பெயரோடு ‘ஆர்ட்ஸ்’ என்று எழுதுவார்கள். அந்தக் கைகளைத்தான் ஃபிளெக்ஸ் பேனர் வேலையில்லாமல் ஆக்கியது. பலர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போனார்கள். ஆற்காட்டுப் பக்கம் விசாரித்தால் இன்னும் சிலர் கிடைப்பார்கள். சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் 2020-ல் ஓவியர்கள் பெரிய பெரிய முகங்களை வரைந்தபோது நான் நினைத்துக்கொண்டது இவர்களைத்தான்.

மூன்று லட்சத்தில் சிறு பங்கை எடுத்து அவர்களில் ஒருவருக்கு உங்கள் மதிலைக் கொடுங்கள். என்ன வரையவேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். உங்கள் பழைய மாணவர்கள் பஸ்ஸில் போகும்போது பார்ப்பார்கள். விலை ஏறாது, விற்கவும் முடியாது. தேர்தல் நேரத்தில் யாராவது சுண்ணாம்போடு வந்தால் வாசலில் நின்று தடுக்கும் வேலை மட்டும் உங்களுடையது.

மீதிப் பணம் அஞ்சலகச் சேமிப்பில் இருக்கட்டும். வேலையைத் தை பிறந்து ஈரம் காய்ந்ததும் தொடங்குங்கள். பழைய எழுத்தின்மேல் அப்படியே அடிக்க விடாதீர்கள். முதலில் சுரண்டச் சொல்லுங்கள். உப்புப் பூத்த இடத்தைக் கொத்திப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகு ப்ரைமர் அடிக்கச் சொல்லுங்கள். ஓவியரின் பெயரை மூலையில் அல்ல, கண்ணில் படும் இடத்தில் எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும் எழுதுங்கள், பார்க்க வருகிறேன்.