‘காக்கா’ ‘தாத்தா’ ஆகிறதா? நாக்கு நிற்கும் இடத்தைப் பாருங்கள்

தங்கச்சி, அஞ்சு வயசாகியும் பையன் ‘காக்கா’வை ‘தாத்தா’ என்கிறான், அதட்டினால் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதட்டாதீர்கள், பாவம். ‘த’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லைத் தொடும், ‘க’வுக்கு நுனி கீழேயே கிடக்க, பின்நாக்கு எழும்பி உள்ளண்ணத்தின் மெத்தென்ற பகுதியை அடைக்க வேண்டும், அந்த இடம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை.

மல்லாக்கப் படுக்க வைத்தால் நாக்கு தானாகப் பின்னால் சரியும். அப்புறம் சுத்தமான ஐஸ்கிரீம் குச்சியால் நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் லேசாக அழுத்தி, ‘அக்... அக்’ சொல்ல வையுங்கள். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வீட்டில் மகள் இப்படித்தான் பழகினாள். ‘அக்’ வந்து பல நாள் கழித்து, ஒரு சாயங்காலம் செம்பனை மட்டையில் உட்கார்ந்திருந்த காக்காயைக் காட்டி முழுசாக ‘காக்கா’ என்றாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு வயதுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும் ஒலி இது. அதனால் தள்ளிப்போடாமல் அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, காதுப் பரிசோதனையோடு பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள்.