வீட்டுல பெரியவங்க, குழந்தைங்க எல்லாரும் சாப்பிடற மாதிரி ஈஸியா என்ன வெளிநாட்டு சமையல் பண்ணலாம்?

கேட்டவங்க நெலமை அப்படியே எங்க ஊட்டு நெலமைதாங்க. சின்னதுக ரெண்டும் யூடியூப்பை பாத்துப்போட்டு பாஸ்தா வேணும் டாக்கோ வேணும்னு உசுரெடுக்குதுக, மாமாவுக்கும் அத்தைக்கும் ராத்திரியானா தோசை இல்லாட்டி ரசஞ்சோறு, இதுல ரெண்டு சமையல் பண்ண ஒருத்தியால முடியாது, ஒரே சமையல் ஆனா எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்து சாப்புடோணும். நான் கோபி பக்கம். நாலஞ்சு வருசமா ஞாயித்துக்கெழமை ராத்திரி மட்டும் இப்படி ஏதாவது பண்றது, அதுல தேறுனது எது தேறாதது எதுன்னு சொல்றேன், உங்களுக்கு ஆகும்னா எடுத்துக்கங்க.

மொத மொதல்ல பண்ணுன பாஸ்தா இன்னைக்கும் எங்க ஊட்ல பேச்சு. மளிகைக்கடையில இருந்த ஏதோ ஒரு பாக்கெட்டை வாங்கியாந்து, சீக்கிரம் ஆகட்டும்னு குக்கர்ல போட்டு ரெண்டு விசில் உட்டுட்டேன். தொறந்தா களி. அதுமேல ஒரு பாட்டில் சாஸை ஊத்தி, சீஸைத் துருவிப்போட்டு மறைச்சு வட்டல்ல வெச்சா, மாமா ஒரு வாய் வெச்சுப்போட்டு "ஏனம்மணி, போஸ்டர் ஒட்டறதுக்கு காச்சுனதா?"ன்னு சாதாரணமாத்தான் கேட்டாரு. அத்தை ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப்போய் தோசைக்கல்லை வெச்சாங்க. அதுதான் எச்சு வலிச்சுது.

பொறகுதான் தெரிஞ்சுகிட்டேன், பாஸ்தான்னா பாக்கெட்டுல டூரம் கோதுமைன்னு போட்டிருக்கோணும், வெறும் மைதால பண்ணுனது கொழஞ்சுதான் போகும். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணி, நல்லா கொதிக்கறப்ப ஒரு பத்து கிராம் உப்பு, மூடி போடாம வேக வெச்சு, பாக்கெட்டுல போட்ட நேரத்துக்கு ஒரு நிமிசம் முன்னாடியே எடுத்துறோணும். வேக வெச்ச தண்ணில ஒரு டம்ளர் எடுத்து வெச்சுக்கிட்டா சாஸ் எளக அது போதும், பச்சத்தண்ணில அலச வேண்டியதே இல்ல. இப்ப பசங்க பொறந்தநாளுக்கு பாஸ்தா பண்றேன், நல்லாத்தான் வருது, ஆனா மாமா இன்னும் தொடறதில்ல. அவரு வாயில அதுக்கு எடமில்லைங்க, அவ்வளவுதான்.

அதனால நான் இப்ப பண்றது என்னன்னா, நம்ம சாப்பாட்டுக்கு வெளிநாட்டுல ஒரு பங்காளி இருக்குதான்னு மொதல்ல தேடறது. இது எனக்கு தோணுனதே என் தம்பியாலதான். அவன் ஷார்ஜால வேலைல இருக்கான், ரூம்ல ஒரு லெபனான்காரர் இருந்தாராம், அவரு வாரத்துக்கு ரெண்டு நாள் ஒண்ணு பண்ணுவாராம், தம்பி ஃபோன்ல "அக்கா, இங்கயும் அரிசிம்பருப்புதான் போடறாங்க, மேல மட்டும் வெங்காயத்தை கருக்கிப் போடறாங்க"ன்னான். அதுக்கு பேரு முஜத்தரா. அரபில அம்மைத்தழும்பு போட்டதுன்னு அர்த்தம், வெள்ளைச் சோத்துக்குள்ள பழுப்பு பருப்பு புள்ளி புள்ளியா தெரியறதுக்கு வெச்ச பேரு. 1226ல பாக்தாத்ல எழுதுன சமையல் புத்தகத்துலயே இருக்குது, அதுல கறியும் சேத்திருக்காங்க. எங்க அத்தை அரிசிம்பருப்புச் சோறு தின்னே வளந்தவங்க, அவுங்க முன்னாடி இதை வெக்க எனக்கு கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்துச்சு.

பண்றது லேசு. தோலோட இருக்கற முழு மைசூர்பருப்பு ஒரு டம்ளர், நாலு டம்ளர் தண்ணில ஒரு கால்மணிநேரம் வேக உடுங்க, முக்கால்பதம், ஒடையக்கூடாது. அதுலயே ஊறவெச்ச பச்சரிசி ஒரு டம்ளர், உப்பு, கொஞ்சம் சீரகத்தூள் போட்டு, தண்ணி அரிசிக்கு மேல ஒரு வெரக்கடை நிக்கற மாதிரி பாத்துக்கிட்டு மூடி சிம்ல வெச்சுருங்க. இதெல்லாம் அப்படி இப்படி இருந்தாலும் பரவால்ல, வெங்காயத்துலதான் விசயமே. பெரிய வெங்காயம் நாலு, நீளமா மெலிசா அரிஞ்சு, கடலெண்ணெய் கொஞ்சம் தாராளமா ஊத்தி, அவசரப்படாம 25 நிமிசம் வதக்கோணும். பிரியாணிக்கு வறுக்கற பொன்னெறம் பத்தாது, அதுக்கும் மேல, நல்ல காப்பிக்கொட்டை நெறம். அந்த எடத்துல சித்த ஏமாந்தா கசந்துரும், அதனால கடைசி அஞ்சு நிமிசம் அக்கட்ட இக்கட்ட நவுராதீங்க, ஃபோன் வந்தாலும் எடுக்காதீங்க. பாதிய சோத்துல கெளறி பாதிய மேல போட்டு, தொட்டுக்க தயிர். அவுங்களும் தயிர்தான் வெச்சுக்கறாங்க.

அத்தை சாப்புட்டுப்போட்டு "பூண்டு போடலியா, வரமொளகா போடலியா"ன்னு வரிசையா கேட்டாங்க, ஆனா மறுக்கா ஒருக்கா வாங்கிகிட்டாங்க. சின்னது வெங்காயத்தை மட்டும் பொறுக்கித் தின்னுச்சு.

அதுக்கு அடுத்தது ஷக்சூகா. டுனீசியா பக்கம், அப்படியே மத்தியக் கிழக்கு முச்சூடும் பண்றாங்க, பேரைக் கேட்டுத்தான் பயமா இருக்கும், தக்காளித் தொக்குல முட்டைய ஒடைச்சு ஊத்தறது, தீந்துது. அரைக்கிலோ பழுத்த தக்காளி, ரெண்டு வெங்காயம், ஒரு குடைமொளகா, பூண்டு, சீரகத்தூள், காஷ்மீர் மொளகாத்தூள். தொக்கு மாதிரி எண்ணெய் கக்கற வரைக்கும் சுண்ட உட்ராதீங்க, கொஞ்சம் தளதளன்னு இருக்கறப்பவே கரண்டில நாலு குழி பறிச்சு, குழிக்கு ஒரு முட்டை, மூடி போட்டு அஞ்சாறு நிமிசம். நாமக்கல் பக்கத்துல இருக்கறதால முட்டைக்கு நமக்கு பஞ்சமில்ல. பசங்க பிரெட்டுல தொட்டுக்கும், மாமா தோசைக்கு தொட்டுக்கறாரு, ரெண்டு பேருக்கும் ஒரே வடச்சட்டி. எனக்கு வேலைநாள்ல கூட இது கைகொடுக்குது, மொத்தமே அரைமணிநேரம்.

இப்ப எங்க ஊட்ல ஒரம்பரை வந்தாலே கேக்கறது ஒண்ணு இருக்குது, அதை கொஞ்சம் வெவரமா சொல்லோணும். பர்மால தேங்காப்பால்ல கோழி போட்டு நூடுல்ஸ் மேல ஊத்தி சாப்புடுவாங்க, ஒன்னோ கவ்ஸ்வேன்னு பேரு. 1960கள்ல பர்மால இருந்து திரும்பி வந்த நம்ம சனங்க சென்னைல பர்மா பஜார் பக்கம் அத்தோங்கற நூடுல்ஸ் விக்கற கடை போட்டாங்கல்ல, அதே ஊர் சாப்பாடுதான். தேங்காப்பால், நூல் நூலா ஒண்ணு, இதைப் படிச்சதுமே எனக்கு வேற எது ஞாபகம் வரும், சந்தகைதான, மத்த ஊர்ல சேவைம்பாங்களே அது. நாம தேங்காப்பால்ல வெல்லம் போட்டு இனிப்பா சாப்புடறோம், அவுங்க காரமா சாப்புடறாங்க. அவுங்க போடறது கோதுமை நூடுல்ஸ், நான் சந்தகை போட்டேன். பர்மாக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்கன்னு நெனைக்கறேன்.

குழம்பை மொதல்ல வெச்சுறோணும், ஏன்னா சந்தகை கடைசில சுடச்சுட புழியறது. சின்ன வெங்காயம் இருபது, பூண்டு எட்டு பல்லு, கட்டைவெரல் அளவு இஞ்சி, ஊறவெச்ச வரமொளகா நாலு, அரை ஸ்பூன் மஞ்சத்தூள், எல்லாம் மையா அரைச்சு எண்ணெய்ல பச்சவாசம் போற வரைக்கும் வதக்கி, அரைக்கிலோ கோழிய போட்டு பெரட்டுங்க. மல்லித்தூள் கரம்மசாலா எதுவும் வேண்டாம், கை தானா டப்பாவுக்கு போகும், அடக்கிக்கங்க. ஒரு பெரிய தேங்கால மொத பால் தனியா, ரெண்டாம் பால் தனியா எடுத்து, ரெண்டாம் பால்ல கோழி வேகோணும். வெந்ததும் மூணு ஸ்பூன் கடலைமாவை வெறும் சட்டில லேசா வறுத்து தண்ணில கரைச்சு ஊத்துங்க, குழம்புக்கு ஒரு கெட்டியும் வாசமும் வரும், அந்த வாசம்தான் இதை நம்ம கோழிக்குழம்புல இருந்து பிரிச்சு காட்டறதே. மொத பாலை கடைசில ஊத்தி, ஓரத்துல நொரை கட்டறப்பவே அடுப்பை அணைச்சுருங்க, தளதளன்னு கொதிக்க உட்டா திரிஞ்சு போகும். ஒருக்கா எனக்கு திரிஞ்சுது, பாக்க நல்லா இல்லையே தவிர ருசி போகல.

சந்தகைக்கு வழக்கம்போல இட்லியரிசிய ஊறவெச்சு அரைச்சு, புளிக்க உடாம இட்லியா ஊத்தி, வேக வேக ஒவ்வொண்ணா மிஷின்ல போட்டு புழியறது. ஆறுனா கல்லு மாதிரி ஆயிரும், அதனால நான் எடுத்துப்போட ஊட்டுக்காரர் சுத்த, அவரு சுத்திகிட்டே "கடைல நூடுல்ஸ் பாக்கெட்டு விக்குது தெரியுமா"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றாரு, ஒவ்வொரு தடவையும் தின்னுப்போட்டு அந்த பேச்சே எடுக்கறதில்ல. நேரமில்லாதவங்க கடை இடியாப்பம் போட்டுக்கங்க, தப்பில்ல. ஆனா குழம்பை வட்டல்ல வெச்ச பொறகுதான் ஊத்தோணும், முன்னாடியே ஊத்தி வெச்சா கரைஞ்சு கஞ்சியாயிரும். மேல போடறதுக்கு கிண்ணம் கிண்ணமா பாதி பாதியா நறுக்குன வேகவெச்ச முட்டை, பச்ச வெங்காயம், கொத்துமல்லி, எலுமிச்சம்பழம், வரமொளகாத்தூள், மொறுமொறுன்னு ஏதாவது ஒண்ணு, நான் ஓமப்பொடி போடறேன். பசங்களுக்கு இந்த கிண்ணங்கதான் குஷி, காரம் அவுங்கவுங்க கையில இருக்கறதால பெரியவங்களுக்கும் சண்டையில்ல. எலுமிச்சம்பழம் மட்டும் புழியாம சாப்புடாதீங்க, அது இல்லைனா தேங்காப்பால் ரெண்டாவது வாய்லயே திகட்டும்.

சின்ன சின்னதா இன்னும் ரெண்டு மூணு. ஹம்முஸ், அதாவது அரபுக்காரங்க கொண்டைக்கடலைய அரைச்சு தொட்டுக்கறது, அது பண்றதுனா கடலை வேகறப்ப ஒரு சிட்டிகை சோடாப்பு, தோல் தானா கழண்டு வெண்ணெய் மாதிரி அரையும். அதுல சேக்கற தஹினிங்கற எள்ளு விழுதை பாட்டில்ல வாங்க வேண்டாம், வெள்ளை எள்ளை நெறம் மாறாம வறுத்து அரைச்சா அதுதான். ஆனா அதுல நம்ம செக்கு நல்லெண்ணெய ஊத்திராதீங்க, நான் ஊத்தி பாத்தேன், ஹம்முஸ் எள்ளுருண்டை ஆயிருச்சு. குவாக்கமோலேக்கு பட்டர் ஃப்ரூட், நீலகிரில வெளையறதுதான், அமுக்குனா லேசா அமுங்கற பழமா பாத்து உப்பு, எலுமிச்சை, வெங்காயம், பச்சமொளகா போட்டு பெசைஞ்சா முடிஞ்சுது, சப்பாத்திக்குள்ள ராஜ்மாவோட வெச்சு சுத்திக் குடுத்தா பசங்களுக்கு டாக்கோ.

வாங்கி வீணடிச்சதும் சொல்லிறேன். ஆரிகனோ ஒரு பாட்டில் ரெண்டு வருசம் இருந்துச்சு, கடைசில வைக்கோல் வாசம் வந்துச்சு. மூங்கில்குருத்து டின் ஒண்ணு, தொறந்ததும் அத்தை பொடக்காளில கொண்டுபோய் வெக்கச் சொல்லீட்டாங்க. சோயா சாஸ் மட்டும் ஒரு சின்ன பாட்டில் வெச்சுக்கங்க, அதுலயே உப்பு இருக்குதுங்கறதை மறந்து உப்பு போட்ராதீங்க.

அப்பறம் கவ்ஸ்வே குழம்பு மீந்துச்சுன்னா கீழ ஊத்தாதீங்க. மறுநாள் காலைல எங்க அத்தை அதை லேசா சூடு பண்ணி இட்லிக்கு ஊத்திகிட்டாங்க, ஆறு இட்லி போச்சு. அதுக்கு பர்மால என்ன பேரு வெப்பாங்களோ, எங்க ஊட்ல அத்தை குழம்புன்னு பேராயிருச்சு.