கண்ணாடி எதைத் தாங்குகிறது, எஃகு எங்கே ஒளிந்திருக்கிறது: ஃபாஸ்டர் கட்டடங்கள் பற்றிக் கேள்வி பதில்

கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 1967இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ். அதன் கட்டடங்களைப் பற்றியும், பொதுவாகக் கண்ணாடி, எஃகு வேலை பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் உள்ள வில்லிஸ் ஃபேபர் காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தில் சட்டமே இல்லாமல் கண்ணாடிச் சுவர் எப்படி நிற்கிறது?

நிற்கவில்லை, தொங்குகிறது. 1975இல் முடிந்த கட்டடம் அது. 12 மி.மீ. கனமும் 2 மீட்டர் அகலமும் உள்ள கண்ணாடிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூரை விளிம்பிலிருந்து தொங்குகின்றன. மேலே இருப்பது கீழே இருப்பதைச் சுமக்கிறது. கண்ணாடியின் எடையைக் கணக்கிடுவது எளிது: ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. ஒரு வரிசை 12 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 720 கிலோ, அவ்வளவும் மேல்விளிம்பில்தான்.

மெல்லிய தகட்டைத் தரையில் ஊன்றி அடுக்கினால் தன் எடையிலேயே புடைத்து வளையும். தொங்கவிட்டால் இழுவிசையில் நேராக நிற்கும். நான்கு கண்ணாடிகள் கூடும் மூலையில் உள்ளங்கை அளவு உலோகத் தகடு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. காற்றழுத்தத்தை உள்பக்கம் செங்குத்தாக நிற்கும் துடுப்பு போன்ற கண்ணாடிப் பட்டைகள் பார்த்துக்கொள்கின்றன.

இந்த முறையில் வேலை செய்பவர்கள் மூன்றை மறக்கக் கூடாது. கண்ணாடியை டெம்பர் செய்வதற்கு, அதாவது சூடாக்கி வேகமாகக் குளிர்வித்து உறுதியாக்குவதற்கு, முன்பே துளைகளைப் போட வேண்டும். பிறகு துளையிட்டால் முழுத் தகடும் நொறுங்கும். போல்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மென்மையான புஷ் (போல்ட்டைச் சுற்றும் வளையம்) இருந்தே ஆக வேண்டும். அடிப்பள்ளத்தில் கண்ணாடி இறங்க இடம் விட வேண்டும். இடம் விடாவிட்டால் கூரை விளிம்பு சற்றுத் தாழும்போது தொங்கும் சுவர் ஊன்றிய சுவராகிவிடும்.

கேள்வி: லண்டன் 'கெர்க்கின்' கோபுரத்தில் எல்லாமே வளைந்த கண்ணாடியா?

இல்லை. 180 மீட்டர் உயரக் கோபுரத்தில் வளைந்த கண்ணாடி ஒன்றே ஒன்று, உச்சியில் மூடியாக இருப்பது. மற்றவை தட்டையானவை. சிறு சிறு தட்டைத் துண்டுகள் சேர்ந்துதான் வளைவாகத் தெரிகின்றன.

கேள்வி: ஹாங்காங் எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகத்தில் எஃகு வெளியில் தெரிகிறதே, துருப்பிடிக்காதா? தீ வந்தால்?

நீங்கள் பார்ப்பது எஃகு அல்ல, அலுமினிய உறை. 1985இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் துருவைத் தடுக்க எஃகின்மேல் சிமென்ட் கலந்த பூச்சு, அதன்மேல் தீக்காக செராமிக் இழைப் போர்வை, கடைசியாக அலுமினியத் தகடு. 'எஃகை அப்படியே காட்டும் பாணி' என்று புகழ்வதைவிட, எஃகின் வடிவத்தை அச்சுப்பிசகாமல் வெளியில் கொண்டுவந்த உறைவேலையைப் பாராட்டுவதே நியாயம்.

எஃகு சுமார் 550 முதல் 600 டிகிரி செல்சியஸில் தன் வலிமையில் பாதியை இழக்கும். மறைக்க விருப்பமில்லை என்றால் சூட்டில் நுரைபோல் பருத்து எஃகைக் காக்கும் பெயிண்ட் உண்டு. அது பெரும்பாலும் கெட்டுப்போவது போல்ட் இணைப்புகளில்தான்: தொழிற்சாலையில் அடித்த பூச்சு பொருத்தும்போது உரிந்துவிடும், மேலே வண்ணம் மட்டும் தீட்டி மூடிவிடுவார்கள். வண்ணம் பூசுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பிலும் பூச்சின் கனத்தை அளவுமானி வைத்துப் பாருங்கள்.

கேள்வி: டெம்பர் செய்த கண்ணாடி யாரும் தொடாமலே வெடிக்கிறது. ஏன்?

உள்ளே கண்ணுக்குத் தெரியாத நிக்கல் சல்ஃபைடு துகள் இருக்கலாம். டெம்பர் செய்யும்போது வேகமாகக் குளிர்வதால் அது உயர்வெப்ப நிலையிலேயே உறைந்துவிடுகிறது. பிறகு மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்து மெல்ல நிலைமாறிப் பருக்கிறது, கண்ணாடி உடைகிறது. சட்டத்தில் துண்டுகள் மிஞ்சியிருந்தால் உடைப்பு தொடங்கிய இடத்தைத் தேடுங்கள். வண்ணத்துப்பூச்சியின் இறக்கை போல இரண்டு பெரிய துண்டுகள் ஒட்டி நின்றால் சந்தேகம் வலுக்கிறது. பொருத்துவதற்கு முன்பே உலையில் சூடேற்றிச் சோதித்தால் பலவீனமானவை அங்கேயே உடைந்துவிடும். தலைக்கு மேலே வரும் இடத்தில் அந்தச் சோதனையை மட்டும் நம்பாமல் லேமினேட் கண்ணாடிதான் (இரு தகடுகளுக்கு நடுவே ஒட்டும் படலம் வைத்தது) போட வேண்டும்.

கேள்வி: லண்டன் மில்லேனியம் நடைபாலம் ஆடியது வடிவமைப்புப் பிழையா?

ஃபாஸ்டர் நிறுவனம், சிற்பி ஆண்டனி காரோ, ஆரப் பொறியியல் நிறுவனம் சேர்ந்து செய்த பாலம். 2000 ஜூன் 10 அன்று திறந்து, இரண்டே நாளில் மூடினார்கள். பலம் போதவில்லை என்பதல்ல சிக்கல். நடப்பவர் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறார். இடக்கால் ஒரு பக்கமும் வலக்கால் மறுபக்கமும் தள்ளுவதால் பக்கவாட்டு விசை நொடிக்கு ஒருமுறை வருகிறது. பாலத்தின் பக்கவாட்டு அதிர்வெண்களும் அதையொட்டியே இருந்தன. பாலம் ஆட, மக்கள் கால் அகற்றி ஆட்டத்துக்கு ஏற்ப நடக்க, ஆட்டம் இன்னும் கூடியது. விறைப்பைக் கூட்டினால் அந்த ஒல்லியான உருவம் போய்விடும். அதனால் ஆட்டத்தை அடக்க 37 பாகுத் தணிப்பான்களும் (திரவத்தின் தடையால் அடக்குபவை) ஐம்பதுக்கு மேற்பட்ட நிறைத் தணிப்பான்களும் (எடையின் எதிர் அசைவால் அடக்குபவை) பொருத்தி, 2002 பிப்ரவரியில் திறந்தார்கள். பாலத்தின் அடியிலிருந்து பார்த்தால் சில இன்றும் தெரியும்.

கேள்வி: 3 மீட்டர் அலுமினியப் பலகைகளுக்கு நடுவே சிலிக்கான் இணைப்பு 8 மி.மீ. விட்டால் போதுமா?

போதாது. அலுமினியம் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 0.0235 மி.மீ. நீள்கிறது. 50 டிகிரி மாற்றத்துக்கு 3.5 மி.மீ. உங்கள் சிலிக்கான் 25 சதவீத நகர்வு தாங்கும் வகை என்றால் 14 மி.மீ. வேண்டும், பொருத்தும் பிசகுக்கு அதற்கு மேலும். எந்த வெப்பநிலையில் பூசுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால் முழு நகர்வையும் எடுத்துக் கணக்கிடுங்கள். பின்னால் நுரைக்கயிறு வைக்காமல் பூசாதீர்கள். சிலிக்கான் இரு பக்கம் மட்டுமே ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டினால் இழுபட வழியின்றி ஓரத்தில் கிழியும், அந்த வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வரும்.