வட்டி கட்டுகிறீர்களா, வட்டிக்குக் கடன் வாங்குகிறீர்களா?

கேள்வி: என் கணவரின் தம்பி கடை வைப்பதற்காக, நான்கு வருடத்துக்கு முன் என் 18 பவுன் நகையை ஒரு நிதி நிறுவனத்தில் வைத்து ரூ.2.5 லட்சம் வாங்கிக் கொடுத்தோம். வருடா வருடம் மாற்றி வைக்கிறோம். வட்டி பாக்கி வைத்ததே இல்லை. மூன்று வருடமாக மாதம் ரூ.8,000 மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி (மாதாந்திர முதலீடு) போகிறது. இன்றைய மதிப்பு ரூ.3.1 லட்சம். வங்கியில் வருடம் ரூ.1 லட்சத்துக்கு யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) போடச் சொல்கிறார்கள். கொழுந்தனார் மறுபடியும் ரூ.1 லட்சம் கேட்கிறார், ‘தங்கம் விலைதான் ஏறியிருக்கே’ என்கிறார். யூலிப் போடலாமா? ரசீது நகல்களை இணைத்திருக்கிறேன். - வாசகி, ஈரோடு

பதில்: யூலிப் இருக்கட்டும். ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். முதல் வருடம் முடிந்த அன்று ரூ.45,000 வட்டி கட்டியதாக ஒரு ரசீது. அதே தேதியில் ரூ.2.95 லட்சத்துக்குப் புது அடகு ரசீது. அடுத்த வருடம் ரூ.3.48 லட்சம், பிறகு ரூ.4.10 லட்சம், இரண்டு மாதத்துக்கு முன் மூன்று ரசீதாகப் பிரித்து ரூ.4.85 லட்சம். வட்டியை நீங்கள் கட்டவில்லை. புதுக் கடன் கட்டியிருக்கிறது. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்கலாம் என்பது விதி. காகிதத்தில் விதி பத்திரமாக இருக்கிறது! நகையின் மேல் ஏறிய விலையில் ரூ.2.35 லட்சத்தை நிறுவனம் எடுத்துக்கொண்டது.

போர்டில் 12 சதவீதம் என்றுதான் போட்டிருப்பார்கள். அது மாதாமாதம் வட்டி கட்டுகிறவர்களுக்கு. வருடக் கடைசி வரை விட்டால் படிப்படியாக ஏறும். உங்களுக்கு 18-ல் நிற்கிறது. 4.85 லட்சத்துக்கு வருட வட்டி ரூ.87,300. நீங்கள் எஸ்ஐபியில் போடுவது ரூ.96,000. எந்த ஃபண்ட் என்று தேடுவதில் இனி அர்த்தமில்லை. வருடா வருடம் 18 சதவீதம் உறுதியாகத் தருகிற ஃபண்டை யாரும் விற்கவில்லை.

எஸ்ஐபியை நிறுத்தி, அதில் சேர்ந்த ஃபண்ட் யூனிட்களை விற்றுவிடுங்கள். லாபமே சுமார் ரூ.22,000தான், வரி பெரிதாக வராது. வாங்கி ஒரு வருடம் முடியாத யூனிட்களுக்கு 1 சதவீதம் வெளியேறும் கட்டணம் பிடித்தாலும் ஆயிரம் ரூபாய்ச் சுமாரே. கையில் ரூ.3.09 லட்சம் வரும்.

ரசீது மூன்றாக இருப்பது உங்கள் நல்ல நேரம். ரூ.1.6 லட்சம், ரூ.1.2 லட்சம் ரசீதுகளை முதலில் மீட்டுவிடுங்கள். இரண்டு மாத வட்டியோடு ரூ.2.88 லட்சம் ஆகும். மீட்ட நகையில் தேவையான அளவை மட்டும் ஒரு பொதுத்துறை வங்கியில் வைத்து ரூ.1.91 லட்சம் வாங்கி, மிச்சம் இருக்கும் இருபதாயிரத்தையும் சேர்த்து மூன்றாவது ரசீதை மீட்கலாம். கைமாற்று தேவைப்படாது. மதிப்பீட்டாளர் ‘இன்னும் கூடுதலாகக் கிடைக்கும்’ என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வங்கியில் வட்டி 9, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். எஸ்ஐபி பணம் ரூ.8,000, யூலிப்புக்கு ஒதுக்க நினைத்த ரூ.8,300, இரண்டையும் மாதாமாதம் அதில் கட்டினால் பன்னிரண்டு, பதின்மூன்று மாதத்தில் கடன் முடிந்துவிடும். எடுக்கும்போதே ‘இடையில் அசல் கட்டலாமா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கும் இரண்டு கணக்காகப் பிரித்து வைத்தால், ஒன்று முடிந்ததும் அந்த நகை வீட்டுக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறை மீட்கும்போதும் பழைய ரசீதில் உள்ள மொத்த எடை, கல் கழித்த எடை இரண்டையும் கவுண்டரிலேயே நிறுத்துப் பாருங்கள். வெளியே வந்தபின் பேசிப் பயனில்லை.

யூலிப் ஐந்து வருடப் பூட்டு. இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் போனாலும் பணம் அந்த ஐந்து வருடம் முடியும்வரை வெளியே வராது. கடன் உள்ள வீட்டுக்கு அது எதற்கு?

கொழுந்தனாரிடம் இந்தக் கணக்கை எழுதியே காட்டுங்கள்: வாங்கியது 2.5, நிற்பது 4.85. மாதம் ஐந்தாயிரமாவது உங்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். புதிதாகக் கேட்கும் ஒரு லட்சத்துக்கு, திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று எவ்வளவு ரொக்கம் தர முடியுமோ அவ்வளவு கொடுங்கள், அது பத்தாயிரமாக இருந்தாலும் சரி. நகையைத் தராதீர்கள்.