வாய்தா வாங்கவா ஐந்து வருஷம்?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். எங்கள் ஊர் கோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டு போட்ட பிள்ளைகள் வாய்தா வாங்கிவிட்டு டீக்கடையில் நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். வாய்தா வாங்கவா ஐந்து வருஷம் படிக்க வேண்டும்? முடித்தால் வேலை கிடைக்குமா?
- ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: வாய்தா என்ற சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. அரபியில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல் அது. மூலப்பொருள், வாக்குறுதி. இந்தியில் இன்றும் அதுதான் பொருள். இங்கே வந்ததும் நிலவரி கட்டும் தவணைக்குப் பெயராயிற்று. கடைசியில் கோர்ட்டுக்குள் நுழைந்து, 'இன்னொரு நாள் வா' என்று ஆகிவிட்டது. கொடுத்த வாக்கு தள்ளிப்போன தேதியான கதை ஒரே சொல்லுக்குள் இருக்கிறது. வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, அமீனா, தாவா, ரத்து எல்லாம் இதே வழியில் வந்தவைதான். நவாபுகள் போய்விட்டார்கள், சொற்கள் தங்கிவிட்டன. அவற்றை விரட்டச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. திண்டிவனம் சந்தையில் காய் விற்கும் அம்மாவுக்கும் ஜாமீன் என்றால் புரியும். அவருக்குப் புரிகிற சொல் எனக்குத் தமிழ்தான்.

வாய்தா வாங்குவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். எங்கள் பத்திரிகைமீது போட்ட ஒரு வழக்கு சில வருஷம் இழுத்தது. எங்கள் சீனியர் வக்கீலை நான் கோர்ட்டில் பார்த்தது மூன்றே முறை. மற்ற நாளெல்லாம் வந்து நின்றது அவரிடம் தொழில் பழகும் ஒரு ஜூனியர் பெண். இரண்டு பஸ் மாறி, கேஸ் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வருவார். எதிர்த்தரப்பு நாலாவது தடவையாக வாய்தா கேட்டபோது எழுந்து ஆட்சேபம் சொன்னார். செலவுத்தொகை கட்டச் சொல்லி உத்தரவும் வாங்கினார். அன்றைக்குத்தான் வழக்கு நகர ஆரம்பித்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். "பெட்ரோலுக்குக் கொடுப்பார் சார்" என்றார். அவரிடம் வண்டியே கிடையாது.

ஆக, வேலை இருக்கிறது. கூலிதான் இல்லை. செக் கேஸ், விபத்து நஷ்டஈடு, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என்று வழக்குகளுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. படித்தவர் முதல் நான்கைந்து வருஷம் எதைச் சாப்பிடுவார் என்பதுதான் கேள்வி. 2024 ஜூனில் மெட்ராஸ் ஐகோர்ட் இதைக் கையில் எடுத்தது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி, வக்கீல்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்றது, பரிந்துரையாக மட்டும். பரிந்துரையை வைத்து வாடகை கட்ட முடியாது. தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டு வாதாடும் சீனியர், தன் அறையில் இரவு ஒன்பது மணிவரை டைப் அடிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது அநியாயம்.

ஒரு நல்ல செய்தி உண்டு. வக்கீலாகப் பதிவு செய்ய பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். 1961 வக்கீல்கள் சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125.

மாஜிஸ்திரேட் ஆகலாம் என்று உங்கள் மகள் நினைத்தால், அதற்கும் இந்த ஜூனியர் வருஷங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கான சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் திரும்பக் கொண்டுவந்தது. கோர்ட்டைப் பார்க்காதவர் நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது என்ற காரணம் சரி. ஆனால் கூலியில்லாத மூன்று வருஷத்தை யாரால் தாங்க முடியும்? அப்பாவும் தாத்தாவும் வக்கீலாக இருந்த வீட்டுப் பிள்ளைகளால் முடியும். பேங்க் சட்ட அதிகாரி, கம்பெனி வேலை, சட்ட உதவி மையங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக மாதச் சம்பளத்துக்கு வாதாடும் வக்கீல் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. அவள் படிக்கும்போதே விசாரித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு சங்கதி. இந்தப் பக்கத்தில் நான் எழுதி எழுதிச் சண்டை வாங்கியது. உங்கள் மகள் திண்டிவனம் கோர்ட்டில் சாட்சியைத் தமிழில் குறுக்கு விசாரணை செய்து கேஸை ஜெயிப்பாள். அப்பீல் ஐகோர்ட்டுக்குப் போனதும் அதே கட்சிக்காரரின் கேஸ் கட்டை, இங்கிலீஷில் சரளமாகப் பேசும் சென்னை வக்கீலிடம் கொடுக்க வேண்டி வரும். கட்டோடு ஃபீஸும் போகும். அரசியல் சட்டம் 348(2) ஐகோர்ட்டில் மாநில மொழிக்கு இடம் தருகிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஐகோர்ட்டுகளில் இந்தி நடக்கிறது. நம் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் போட்டும் தமிழுக்குக் கதவு திறக்கவில்லை. 'தமிழில் சட்ட வாதம் நிற்காது' என்று எனக்கு எழுதும் நண்பர்கள், ஒரு முன்சீப் கோர்ட்டில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு வரட்டும். வாதம் நிற்கிறது, நடக்கிறது, ஜெயிக்கிறது.

சேர்த்துவிடுங்கள். படிப்புக்குப் பிறகு நான்கைந்து வருஷச் சாப்பாட்டுக்கும் இப்போதே ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். நாளைக்கு அந்த டீக்கடைக்குப் போய், கோட்டு போட்ட பிள்ளைகளுக்கு ஒரு டீ சொல்லுங்கள். மாசம் பிறந்தால் ஜூனியருக்குப் பணம் கொடுக்கும் சீனியர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.