காந்தத்தில் ஒட்டாத இரும்பு

போன இதழில் கணினிவழிப் பொருளறிவியலைப் பற்றி, அதாவது ஒரு பொருளின் குணத்தைக் கணினியில் கணக்குப் போட்டே சொல்லும் துறையைப் பற்றி, போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். நானும் அந்த வழியாக வந்தவள் என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

? என் மகன் இந்தத் துறையில் பிஎச்.டி. முடித்துவிட்டான். இப்போது 'போஸ்ட்டாக்' போகணும் என்கிறான். வயது 29. இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பான்?
– ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, அது படிப்பு இல்லை, வேலை. பரீட்சையும் கிடையாது, பட்டமும் கிடையாது, மாதச் சம்பளம் உண்டு. பெண் வீட்டார் கேட்டால் 'ஆராய்ச்சியாளராக வேலை பார்க்கிறான்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒப்பந்த வேலை, பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷம்தான். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பின்னால் பேச்சு வராது. நான் இத்தாலியில் ட்ரியெஸ்ட் நகரத்தில் இருந்த இரண்டு வருஷமும் என் அம்மா தெருவில் எல்லோரிடமும் 'அவ இன்னும் படிச்சிட்டிருக்கா' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

? ஆய்வகம் இல்லை, உலை இல்லை, ஒரு சோதனைக் குழாய்கூட இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே ஒரு பொருளின் குணத்தைச் சொல்ல முடியுமா? நம்பும்படி இல்லையே.
– இயற்பியல் ஆசிரியர், ராஜபாளையம்

பாதி நம்புங்கள் சார். ஒரு பொருளில் உள்ள எலெக்ட்ரான்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குவாண்டம் சமன்பாட்டைத் தீர்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஒவ்வொரு எலெக்ட்ரானையும் துரத்த வேண்டாம், எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தாலே போதும் என்று 1964இல் ஹோஹென்பெர்க்கும் வால்டர் கோனும் காட்டினார்கள். மறு வருஷமே கோனும் ஷாமும் அதைக் கணக்குப் போடும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இயற்பியலாளரான கோனுக்கு 1998இல் நோபல் கிடைத்தது, அதுவும் வேதியியலில்!

சிலிக்கானை எடுத்துக்கொள்ளுங்கள். படிகக் கட்டத்தின் பக்க நீளம் அளந்தால் 5.43 ஆங்ஸ்ட்ராம். வழக்கமான கணக்கில் 5.47 வரும். அருமை. அதே கணக்கில் ஆற்றல் இடைவெளியை (எலெக்ட்ரான் விடுபட்டு மின்சாரம் கடத்தத் தேவைப்படும் ஆற்றலை) கேட்டால் 1.1 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குப் பதிலாக 0.6 என்று கிட்டத்தட்டப் பாதியைச் சொல்லும். எதில் நம்பலாம், எதில் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் போஸ்ட்டாக்குக்குச் சம்பளம்.

அது எனக்கே லேசில் வரவில்லை. இரும்புக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை எப்படி நொறுங்க வைக்கிறது என்று பார்ப்பது ட்ரியெஸ்டில் என் வேலை. மூன்றாவது மாதம், மூன்று வாரம் ஓடிய கணக்கின் முடிவுகளை அச்செடுத்துப் பேராசிரியரிடம் நீட்டினேன். அவர் முதல் தாளைப் பார்த்ததுமே, "இந்த இரும்பு காந்தத்தில் ஒட்டாதே?" என்றார். என்ன கணக்கு என்று கணினிக்குச் சொல்லும் இன்புட் ஃபைலில் 'என்ஸ்பின் = 2' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், விட்டிருக்கிறேன். அந்த வரி இல்லையென்றால் கணினிக்குள் இருக்கும் இரும்புக்குக் காந்தமே கிடையாது. பக்க நீளம் 2.87க்குப் பதில் 2.76 என்று சுருங்கி வந்ததை நானும் பார்த்தேன், முறையின் பிழையாக இருக்கும் என்று தாண்டிப் போய்விட்டேன். அவர் திட்டவில்லை. கீழே காபிக் கடைக்கு அழைத்துப் போனார். (நாங்கள் ஓட்டிய மென்பொருளின் பெயரே குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ. அந்த ஊரில் காபியை அப்படித்தான் கொண்டாடுகிறார்கள்.) மறுநாள் மூன்று வாரக் கணக்கையும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

? போஸ்ட்டாக் இடம் கேட்டு 40 பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. என்ன தப்பு செய்கிறேன்?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

மெயிலை இணைத்திருந்தீர்கள், நல்லது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சீர்மிகு குழுவில் பணியாற்றப் பேராவல் கொண்டுள்ளேன்' என்கிற மாதிரி ஆரம்பிக்கிறது. அந்த 40 பேரில் யாருக்கு வேண்டுமானாலும் அது பொருந்தும், அதனால்தான் யாரும் தனக்கு வந்ததாக நினைக்கவில்லை. எனக்கும் வாரத்துக்கு ஏழெட்டு இப்படி வருகிறது. ஒன்றில், எனக்கு முன்னால் யாருக்கு அனுப்பினாரோ அந்தப் பேராசிரியரின் பெயர் அப்படியே இருந்தது.

நான் உடனே பதில் போட்ட மெயில் ஒன்றைச் சொல்கிறேன். மொத்தம் ஐந்து வரி. 'உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்துக்கு 4×4×4 கே-புள்ளி வலை எடுத்திருக்கிறீர்கள். நான் 8×8×8 வைத்து ஓட்டினேன், ஹைட்ரஜனின் பிணைப்பு ஆற்றல் கொஞ்சம் நகர்கிறது. இன்புட் ஃபைல் இணைத்திருக்கிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.' அவ்வளவுதான். (கே-புள்ளி வலை எவ்வளவு நெருக்கமோ, கணக்கு அவ்வளவு நுட்பம்.) திமிராகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பையன் வேலை தெரிந்தவன் என்பது அந்த ஃபைலைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. இப்போது என் குழுவில்தான் இருக்கிறான்.

40 வேண்டாம், ஐந்து பேருக்கு இப்படி எழுதிப் பாருங்கள். சை-கே என்ற ஐரோப்பிய வலையமைப்பின் வேலை அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டே இருங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கு வருஷம் முழுக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் உங்களை ஏற்றுக்கொள்ளும் ஒரு பேராசிரியர் முதலில் வேண்டும். இடம் கிடைக்கிற மாதிரி இருந்தால், சம்பளத்துக்கு அப்புறம் கேட்க வேண்டியது கணினி நேரம். குழுவுக்கு எவ்வளவு ஒதுக்கீடு, வரிசையில் எத்தனை நாள் காத்திருக்கணும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தக் குழுவை விட்டு வெளியே வந்த ஒருவரிடமும் பேசிவிடுங்கள்.

? மெஷின் லேர்னிங் வந்துவிட்டதே, இனி இந்த வேலையெல்லாம் இருக்குமா?
– ஆராய்ச்சி மாணவர், காரைக்குடி

இருக்கும். 2007இலேயே பேலரும் பாரினெல்லோவும் நியூரல் நெட்வொர்க்கை வைத்து அணுக்களின் ஆற்றலைச் சொல்ல வழி காட்டிவிட்டார்கள். வேகம் பல மடங்கு கூடியது உண்மை. ஆனால் அதற்குப் போடும் தீனி நம் பழைய கணக்குகள்தான். காந்தமில்லாத இரும்பைக் கொடுத்துப் பழக்கினால், அதுவும் அதே தப்பை மின்னல் வேகத்தில் செய்யும். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இப்போது முடியாது.

? கணவருக்குப் பெங்களூரில் வேலை, பெண்ணுக்கு மூன்று வயது. வெளிநாடு போகாவிட்டால் மதிப்பில்லை என்று கைடு சொல்கிறார். போயே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி, பெங்களூர்

வேண்டாம். இந்திய அறிவியல் கழகமும் ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையமும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. 2022இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த பரம் பிரவேகா என்ற சூப்பர் கம்ப்யூட்டரின் திறன் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 33 கோடி கோடி கணக்கு. தேசிய அளவிலான போஸ்ட்டாக் உதவித்தொகையின் வயது வரம்பில் பெண்களுக்குத் தளர்வு உண்டா என்று அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போனால் நாலு பேர் பழக்கமாவார்கள், அது பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்கு இரண்டு மூன்று மாதப் பயணம் போய்வந்தாலும் ஆகும். கணக்கு ஓடும் இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் இருந்தது ட்ரியெஸ்டில், என் கணக்குகள் ஓடிய கணினி இருந்தது போலோன்யா பக்கத்தில். இரண்டு வருஷத்தில் அதை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.